ரெட்டினா சுத்தம் என்கிறார்கள், ஆனாலும் அப்பாவுக்கு விஇபி என்ற பார்வை நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

சிவாஜிநகர் மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் கண் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவர்களோ, வீட்டில் சுகர் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களோ இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 57 வயது. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். சுகர் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்திலிருந்தே மெட்ஃபார்மின்தான், நடுவில் இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. பிரஷருக்கும் மாத்திரை உண்டு. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சுகர், 8.6.

போன தீபாவளிக்கு ஆர்டர் குவிந்திருந்தபோதுதான் நான் கவனித்தேன். ராத்திரி டியூப்லைட்டில் உட்கார்ந்து தைக்கும்போது கருநீல நூலுக்குப் பதில் கரும்பச்சையை எடுக்கிறார். இளமஞ்சளையும் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எதும்மா மஞ்சள்?" என்று என்னைக் கேட்கிறார். பகலில் வாசலில் உட்கார்ந்தால் இந்தப் பிரச்சினை குறைவு. இருட்டும் நேரத்தில் மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படியின் விளிம்பு தெரியவில்லை என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார். நாற்பது வருடமாக நூலோடு வாழ்ந்த மனிதர், அவருக்கு நிறம் தப்பாது. அதனால்தான் எனக்குப் பயம்.

கண்ணாடிக் கடையில் இரண்டு கண்ணும் 6/6 என்றார்கள். பிறகு கண் டாக்டரிடம் போனோம். மருந்து ஊற்றி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, ரெட்டினாவில் சுகர் பாதிப்பு எதுவும் இல்லை என்றார். கலர் புள்ளிகளுக்குள் எண் இருக்குமே, அந்தப் புத்தகத்தையும் அப்பா கடகடவென்று படித்துவிட்டார். ஆனால் ரெட்டினாவின் அடுக்குகளை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் 'காங்க்லியான் செல்' என்று எழுதியிருந்த படத்தில் பச்சையாக இருக்க வேண்டிய இடம் சில பகுதிகளில் மஞ்சளாக இருந்தது. சுகர் நரம்பைத் தொட ஆரம்பித்திருக்கலாம், விஇபி எடுங்கள், முடிந்தால் ரெட்டினாவின் மின் அலையைப் பார்க்கும் ஈஆர்ஜியும் எடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டையும் எடுத்தால் அப்பாவின் ஒரு வாரக் கூலி போய்விடும். "ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு எதற்கு?" என்கிறார் அவர். ரத்தக் குழாய் சுத்தமாக இருக்கும்போது நரம்பு மட்டும் கெடுமா? இந்த டெஸ்டில் கரண்ட் வைப்பார்களா, வலிக்குமா? இப்போதே எடுக்க வேண்டுமா, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா?

---

ஆஸ்டின் டவுன் அண்ணன் எழுதியது:

தங்கச்சி, டாக்டரே பாதிப்பு இல்லை என்று சொன்ன பிறகு அந்தப் பணத்தைச் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் செலவு பண்ணுங்கள் என்பேன். எனக்கு இரண்டு கண்ணிலும் லேசர் ஆகியிருக்கிறது. எனக்கு யாரும் விஇபி எடுக்கச் சொல்லவில்லை. வருடா வருடம் மருந்து ஊற்றிப் பார்த்ததில்தான் புதிதாக ரத்தக் குழாய் முளைத்திருப்பது தெரிந்தது. அப்போதும் எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு பரிசோதனை.

லேசருக்குப் பிறகு ஓரப் பார்வையும் ராத்திரிப் பார்வையும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் நடுப்பார்வை நிற்கிறது, பேரனின் முகம் தெரிகிறது. அப்பாவுக்கு அந்த நிலைமை வராமல் பார்ப்பதுதான் முக்கியம். எண் 8.6 என்பது அதிகம். முதலில் அதைக் கவனியுங்கள்.

---

தங்கவயல் அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் விஇபி, ஈஆர்ஜி எடுக்கும் அறையில் வேலை. மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வந்து போன காலத்திலிருந்து இதே வேலைதான். டாக்டர் பார்த்துப் படிக்கும் அலைக்கோட்டை எடுத்துக் கொடுப்பது எங்களைப் போன்றவர்கள். உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் அந்த நாற்காலியில் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆஸ்டின் டவுன் அண்ணன் சொன்ன வருடாந்திரப் பரிசோதனையை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். விஇபி அதற்கு மாற்று கிடையவே கிடையாது. ஆனால் "பாதிப்பு இல்லை என்றால் விட்டுவிடு" என்பதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் டாக்டர் சொன்னதும் உண்மை, அப்பா சொல்வதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து ஊற்றிப் பார்க்கும்போது டாக்டர் தேடுவது ரத்தக் குழாயில் வரும் கோளாறை. மெல்லிய குழாயின் சுவர் தளர்ந்து சின்னச் சிவப்புப் புள்ளியாகப் புடைத்திருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா, கொழுப்பு மஞ்சளாகப் படிந்திருக்கிறதா, பஞ்சு போல வெளுத்த திட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். இதில் ஒன்றும் இல்லையென்றால் 'ரெட்டினோபதி இல்லை' என்று எழுதுவார். சரி. ஆனால் ரெட்டினா வெறும் குழாய் இல்லையே. கருவில் மூளையிலிருந்து முளைத்து வந்து கண்ணுக்குள் விரிந்த நரம்புத் திசு அது. ஒளியை வாங்கும் செல்கள் ஒரு அடுக்கு, அதைக் கடத்தும் செல்கள் ஒரு அடுக்கு, கடைசியில் காங்க்லியான் செல்கள். அந்தக் காங்க்லியான் செல்களின் இழைகள் பத்து லட்சத்துக்குப் பக்கம் ஒன்றாகத் திரண்டுதான் பார்வை நரம்பாகி மூளைக்குப் போகிறது. உங்கள் ஓசிடி படத்தில் மஞ்சளாகத் தெரிந்தது இந்த அடுக்குதான், அந்த வயதுக்கு இருக்க வேண்டிய தடிமனைவிடச் சற்று மெலிந்திருக்கலாம் என்று மெஷின் சொல்கிறது.

ரத்தக் குழாயும் நரம்பு செல்லும் அவற்றைத் தாங்கும் முல்லர் செல்களும் ஒன்றையொன்று நம்பி வாழ்பவை. உடம்பிலேயே ஆக்சிஜன் அதிகம் கேட்கும் திசுக்களில் ரெட்டினாவும் ஒன்று. சுகர் வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் முல்லர் செல்களால் கழிவை ஒழுங்காகச் சுத்தம் செய்ய முடிவதில்லை, குளூட்டமேட் என்கிற ரசாயனம் தேங்குகிறது, நரம்பு செல்கள் தளர்கின்றன. குழாயில் புள்ளி தெரிவதற்கு முன்பே இது சிலருக்கு ஆரம்பித்துவிடுகிறது. இது நேற்று வந்த பேச்சு இல்லை. சுகர் உள்ளவர்களின் ஈஆர்ஜி கோட்டில் வரும் சின்ன அலைகள் குறைந்துபோவதை ஜப்பான் டாக்டர்கள் 1962-லேயே எழுதிவிட்டார்கள். 1998-ல் அமெரிக்காவில் ஒரு குழு, சுகர் வரவைத்த எலிகளின் ரெட்டினாவிலும், சுகரோடு வாழ்ந்து இறந்தவர்களின் கண்களிலும் நரம்பு செல்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாவதைக் காட்டியது. ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், குழாய் சுத்தமாக இருக்கும்போதே நரம்பு தளரலாம். எல்லோருக்கும் இந்த வரிசையில்தான் நடக்கும் என்று இல்லை. சிலருக்குக் குழாய் முதலில், சிலருக்கு இரண்டும் சேர்ந்து.

நூல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். சுகரால் நிறம் பார்ப்பது கெடும்போது பெரும்பாலும் நீலம், மஞ்சள் பக்கம்தான் முதலில் அடி விழும். நீலமும் பச்சையும் குழம்பும், இளமஞ்சள் வெளுத்துப் போகும். அப்பா செய்வது அப்படியே இதுதான். அவர் கடகடவென்று படித்தாரே, அந்தப் புள்ளிப் புத்தகம் இஷிஹாரா. அது சிவப்பு, பச்சைக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கச் செய்தது. நீலம், மஞ்சள் குறைபாடு உள்ளவர் அதில் எளிதாகப் பாஸ் ஆகிவிடுவார். அதற்கு ஃபார்ன்ஸ்வொர்த் டி-15 என்று ஒன்று இருக்கிறது, கலர் வில்லைகளை வரிசையாக அடுக்கச் சொல்வார்கள். கேட்டு எடுங்கள், செலவு அதிகம் இருக்காது. தையல்காரர் அதை விரும்பியே செய்வார்.

படியின் விளிம்பு தெரியாதது வேறு விஷயம், கான்ட்ராஸ்ட் குறைவது. 6/6 போர்டில் வெள்ளை மேல் அழுத்தமான கறுப்பு எழுத்து. வாழ்க்கையில் அப்படி எங்கே இருக்கிறது? சாம்பல் நிறப் படிமேல் சாம்பல் நிற நிழல்தான். இதைப் பார்க்க பெல்லி-ராப்சன் சார்ட் இருக்கிறது. எழுத்தின் அளவு கடைசிவரை ஒன்றேதான், கீழே போகப் போக மங்கிக்கொண்டே வரும். எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒன்று, இந்த இரண்டு தொல்லையும் கண்புரை ஆரம்பித்தாலும் வரும். லென்ஸ் வயதாகி மஞ்சளாகும்போது நீல வெளிச்சத்தைத் தடுக்கும். சுகர் உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரமாகவே வரும். ஆகவே "லென்ஸ் எப்படி இருக்கிறது?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். காங்க்லியான் அடுக்கு மெலிவதற்கும் சுகர் மட்டும் காரணம் இல்லை, கண் அழுத்தம் வந்தாலும் மெலியும். அழுத்தம் பார்த்தார்களா, பார்வை நரம்பின் தலைப்பகுதியைப் பார்த்துக் குறித்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றை நான் வற்புறுத்தியே சொல்வேன். அப்பா பத்து வருடத்துக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் பார்வை நரம்பு தளரும், விஇபி கோடு தாமதமாகும். அந்தக் கோட்டை வைத்து, இது சுகரால் வந்தது, இது பி12-ஆல் வந்தது என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. விஇபிக்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள்.

இனி விஇபி. கரண்ட் எதுவும் வைக்க மாட்டார்கள், வலி துளியும் இல்லை. பின்மண்டையில் ஒன்று, நெற்றிக்கு மேலே ஒன்று, இன்னொன்று உச்சியிலோ காதிலோ என்று சின்ன உலோகக் கிண்ணங்களைப் பசையால் ஒட்டுவோம். அவை மூளையில் எழும் மின் அலையை எடுத்துத் தருகின்றன, அவ்வளவுதான். ஒரு மீட்டர் தூரத்தில் திரை, அதில் செஸ் போர்டு மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் விநாடிக்கு இரண்டு முறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கண்ணை மூடி, நடுவில் உள்ள புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பின்மண்டையிலிருந்து வரும் அலை சில மைக்ரோவோல்ட்தான், மூளையின் மற்ற அலைகளுக்குள் அமுங்கிக் கிடக்கும். கே.ஆர். மார்க்கெட் இரைச்சலில் ஒரே ஆள் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கடைசியில் அது மட்டும் காதில் தனியாகக் கேட்பது போல, ஐம்பது அறுபது தடவைக்கு மேல் பதிவு செய்து சராசரி எடுத்தால் அந்த அலை மேலே எழும்பி வரும். கட்டம் மாறிய கணத்திலிருந்து சுமார் 100 மில்லி விநாடியில் ஒரு உச்சி வரும், பி100 என்போம். ரெட்டினாவிலிருந்து பின்மண்டை வரையுள்ள பாதையில் எங்கே தளர்ச்சி இருந்தாலும் அது தள்ளிப்போகும், அல்லது உயரம் குறையும். எந்த இடத்தில் தளர்ச்சி என்பதை விஇபி மட்டும் சொல்லாது. சந்தேகம் ரெட்டினா மேலா, அதற்கு அப்பால் நரம்பு மேலா என்று பிரிக்கத்தான் ஈஆர்ஜி.

எடுக்கப் போகும்போது சில விஷயங்கள். இவை சரியில்லாமல் எத்தனையோ நல்ல கண்கள் 'தாமதம்' என்ற ரிப்போர்ட்டோடு வெளியே போகின்றன, அதனால் சொல்கிறேன். முந்தின நாள் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளிக்க வேண்டும், அதற்குப் பிறகு எண்ணெய் கூடாது. எண்ணெய் இருந்தால் கிண்ணம் பிடிக்காது. தூரப் பார்வை, கிட்டப் பார்வை இரண்டுக்கும் போடும் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோங்கள். கட்டம் மங்கலாகத் தெரிந்தால் அலை சின்னதாகும், தாமதமும் ஆகும். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள். சுகர் இறங்கினாலும் கோடு கெடும், தூக்கம் வந்தாலும் கெடும். ராத்திரி முழுக்கத் தைத்துவிட்டு மறுநாள் காலையில் வர வேண்டாம். விஇபிக்குக் கண்ணில் மருந்து ஊற்றக் கூடாது, ஈஆர்ஜிக்கு ஊற்றி இருட்டில் இருபது நிமிடம் உட்கார வைப்போம். ஒரே நாளில் இரண்டும் என்றால் விஇபி முதலில் வர வேண்டும். ஏற்கனவே மருந்து ஊற்றிவிட்டார்கள் என்றால் அன்று விஇபி வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் கருத்து, இந்த வருடம் விஇபி ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈஆர்ஜி இப்போதைக்கு இருக்கட்டும். விஇபி, பி12, லென்ஸ் மூன்றும் பார்த்த பிறகும் டாக்டருக்குக் கேள்வி மிச்சம் இருந்தால் எடுக்கலாம். ஒரு வாரக் கூலி என்பது எனக்குப் புரிகிறது.

எடுத்து என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த நரம்புத் தளர்ச்சிக்கென்று தனி மருந்து இன்னும் இல்லை. ஐரோப்பாவில் யூரோகாண்டர் என்று ஒரு ஆய்வு, இரண்டு வருடம் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் அது தடுக்கவில்லை, ஏற்கனவே தளர்ச்சி இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் மேலும் மோசமாகாமல் நின்றது. அதனால் 'கண் நரம்பு டானிக்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வேலை செய்வது என்று உறுதியாகத் தெரிந்தவை சுகரும் பிரஷரும்தான். உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சுகர் உள்ளவர்களை வைத்துச் செய்த டிசிசிடி ஆய்வு 1993-ல் வந்தது. சுகரை இறுக்கமாக வைத்தவர்களுக்கு ரெட்டினோபதி புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் டைப் 2-க்கு பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு, 1998. அதில் பிரஷரை மட்டும் இறுக்கிப் பிடித்தவர்களுக்கே ரெட்டினோபதி முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. சுகர் மாத்திரையை மறக்காத நம் ஆட்கள் பிரஷர் மாத்திரையைத் தலைவலி வந்தால்தான் போடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. அப்பாவின் பிரஷர் எண்ணை நீங்கள் எழுதவே இல்லை பாருங்கள்.

டெஸ்டின் பிரயோஜனம் என்னவென்றால், இன்றைய கோடு ஒரு அளவுகோலாக இருக்கும். அப்புறம், 8.6 என்ற எண் அசைக்காத சில பேரை அந்தக் கோடு அசைத்திருக்கிறது. அதை நான் என் அறையிலேயே பார்த்திருக்கிறேன்.

---

ஜீவனஹள்ளி வாசகர் எழுதியது:

நல்ல விளக்கம் அக்கா. ஒரு சந்தேகம். எங்கள் ஏரியாவில் நடந்த முகாமில் போன் மாட்டிய கேமராவில் கண்ணைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரே உடனே 'பாதிப்பு இல்லை' என்று சொல்லிவிட்டது. அது போதுமா? அதில் இந்த நரம்பு விஷயமும் தெரியுமா?

---

தங்கவயல் அக்கா எழுதியது:

நரம்பு தெரியாது. அந்தக் கேமராக்கள் தேடுவது சிவப்புப் புள்ளி, கசிவு, மஞ்சள் படிவு, அதாவது குழாய் பக்கத்தை. அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. ரெமிடியோவின் போன் கேமரா, ஃபோரஸின் 3நேத்ரா இரண்டுமே நம் பெங்களூரில் உருவானவை, எனக்கு அதில் பெருமை உண்டு. கூகுள் இதே மாதிரி ஒரு மென்பொருளைச் செய்தபோது, மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் சேர்ந்து வேலை செய்தன, 2016-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சுகர் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அத்தனை பேரையும் ரெட்டினா டாக்டர் உட்கார வைத்துப் பார்க்க முடியாது, முகாம் கேமரா கண்டிப்பாக வேண்டும்.

முகாமில் 'பாதிப்பு இல்லை' என்று வந்தால் அடுத்த வருடம் மறுபடி எடுங்கள். ஆனால் கண்ணில் ஏதாவது தொல்லை இருக்கிறது என்றால் முகாமின் பதில் போதாது, ஆளே போய்க் காட்ட வேண்டும். கறுப்புப் புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

செலவு கவலை இருப்பவர்கள் மின்டோ ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அரசு ஆஸ்பத்திரி, கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மருந்து ஊற்றினால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து தெரியாது. வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

---

சிவாஜிநகர் மகள் எழுதியது:

அக்கா, அண்ணன், இருவருக்கும் நன்றி. எல்லாம் முடிந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. கேட்டவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

லென்ஸில் புரை ஆரம்பம்தான், ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு இல்லை, நிறம் இவ்வளவு குழம்ப அது மட்டுமே காரணமாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். கண் அழுத்தம் சரியாக இருக்கிறது. டி-15 வில்லைகளை அப்பா ரொம்ப நேரம் எடுத்து அடுக்கினார். நீலம், மஞ்சள் கோட்டில்தான் தவறு என்று படத்தில் குறித்துக் காட்டினார்கள். விஇபியில் பி100 வலது கண் 117, இடது 115. அந்த லேபின் வரம்பைத் தாண்டியிருக்கிறது, உயரம் பரவாயில்லை.

பி12 குறைவாக இருக்கிறது அக்கா. நீங்கள் சொல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டோம். ஊசி ஆரம்பித்தாயிற்று. பிரஷர் 150-க்கு மேல். மாத்திரையை அப்பா விட்டு விட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. சுகர் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு கேள்வி மிச்சம். இந்த 117 மறுபடி கீழே வருமா? சுகரைச் சீக்கிரமாக இறக்கினால் கண்ணுக்கு ஆபத்து என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்துகிறார், அது உண்மையா?

---

தங்கவயல் அக்கா எழுதியது:

பி12 பிடிபட்டது பெரிய விஷயம் தங்கச்சி. அதனால் வந்த பங்கு எவ்வளவோ, அது கீழே வர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் ஆகும், நீண்ட நாள் குறைவு என்றால் முழுசாகத் திரும்பாமலும் போகலாம். சுகரால் வந்த பங்கு இருந்தால் அதை மேலே ஏறாமல் நிறுத்துவதே வெற்றி. செத்துப்போன காங்க்லியான் செல் திரும்ப முளைக்காது, தளர்ந்து நிற்கும் செல் தேறலாம். இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளிப்போயிருப்பதும் நல்லதுதான். ஒரு கண் மட்டும் ரொம்பத் தள்ளியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும், எம்ஆர்ஐ வரை போகும்.

சொந்தக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஏற்கனவே ரெட்டினோபதி இருப்பவர்களுக்கு, நீண்ட நாள் உயரத்தில் இருந்த சுகரை வேகமாக இறக்கினால் ஆரம்பத்தில் சில மாதம் கண் மோசமாகலாம். டிசிசிடி ஆய்விலேயே அதைப் பார்த்தார்கள். அதே ஆய்வில் நாள்பட இறுக்கமாக வைத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். அப்பாவுக்குக் குழாயில் பாதிப்பு இல்லை, அதனால் இந்தப் பயத்துக்காக மருந்தைக் குறைக்காதீர்கள். சுகர் மாறும்போது கண்ணாடிப் பவரும் ஆடும், சில வாரம் மங்கலாகத் தெரியும். அந்த நேரத்தில் புதுக் கண்ணாடி வாங்கிக் காசைப் போட வேண்டாம், சுகர் ஒரு நிலைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.

அடுத்த விஇபியை டாக்டர் சொல்லும் நேரத்தில், அதே லேபில் எடுங்கள். ஒவ்வொரு லேபும் தன் மெஷினுக்கும் திரைக்கும் தக்கபடி வரம்பு வைத்திருக்கும், இங்கே 117 என்பதை வேறு இடத்து எண்ணோடு ஒப்பிடக் கூடாது. பழைய ரிப்போர்ட்டை, கோடு உள்ள பக்கத்தோடு, கொண்டுபோங்கள். ஓசிடியும் அப்படியே, அதே கம்பெனி மெஷினாக இருந்தால் நல்லது. நடுவில் வருடாந்திர ரெட்டினா பரிசோதனை தனியாக நடக்க வேண்டும்.

அதுவரைக்கும் நூல் பெட்டியில் கருநீலத்தையும் கரும்பச்சையையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல வெள்ளை எல்இடி விளக்கு, இடது பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி. கடைசிப் படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்ட வேண்டாம், அவருக்கு இளமஞ்சள்தான் வெளுத்துத் தெரிகிறதே. சாம்பல் படியில் அழுத்தமான கறுப்பு அல்லது சிவப்புப் பட்டை ஒட்டுங்கள்.

---

காக்ஸ் டவுன் அம்மா எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு இப்போது ஏழாம் மாதம், கர்ப்பத்தில்தான் சுகர் வந்தது. நானும் ரெட்டினா பார்க்க வேண்டுமா?

---

தங்கவயல் அக்கா எழுதியது:

கர்ப்பத்தில் புதிதாக வந்த சுகர் மட்டும் என்றால் அதற்காகவே ரெட்டினா பார்க்க வேண்டியதில்லை அம்மா, குழாய் கெடும் அளவுக்குக் காலம் ஆகியிருக்காது. கர்ப்பத்துக்கு முன்பே சுகர் இருந்தவர்கள்தான் தரிப்பதற்கு முன்போ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ பார்த்து, பிறகும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும், அவர்களுக்குக் கர்ப்ப காலத்தில் வேகமாக முற்றலாம். உங்களுக்கு முன்பே சுகர் இருந்து தெரியாமல் இருந்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் பார்க்கச் சொல்வார். பிரசவத்துக்குப் பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எடுக்கும் டெஸ்ட்டை மறக்காமல் எடுங்கள். அதில் சுகர் போகாமல் தங்கிவிட்டது என்று வந்தால் அப்போது கண் பரிசோதனையை ஆரம்பிக்க வேண்டும்.